புகை போன பக்கம்

அம்மனின் கண் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டிராக்டர் டிரெய்லர், அதன் மேல் பீடம், பீடத்தின் மேல் அம்மன். பதினோரு அடி வந்தது. பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு வேணும் சாமி" என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை.

வாணவேடிக்கைக்கு என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஏரி, கரை, கோயில் எல்லாவற்றையும் அதில் வரைந்து, எந்தக் குழாயிலிருந்து எந்த வெடி எத்தனையாவது நொடியில் கிளம்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், ஒரு திரியைக்கூடக் கொளுத்தாமல் முழு வேடிக்கையையும் திரையில் காட்டிவிடும். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையும் அதற்குச் சொல்ல வேண்டும். "துபாயில ஷேக் உக்கார்ற நாற்காலி உயரத்தைப் போடுவோம். இங்க யாரு பெரிய ஆளு?" என்று கேட்டார் அன்சார். அதற்குத்தான் அம்மனை அளந்தேன்.

அன்சார் பாய் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் வாணவேடிக்கைக் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தார். முதலில் குழாய் தூக்கினார், கடைசியில் பொத்தானை அழுத்தினார். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் போர்வையும் சென்ட்டும் கொண்டுவந்தால் இவர் ஒரு லேப்டாப்பும் நாலு பெட்டி மின்கருவியும் கொண்டுவந்தார். நான் ஆலத்தியூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினாறு வருஷம் வெடி வைத்தவன். எந்தக் குழியில் எவ்வளவு மருந்து, எந்தக் குழி எத்தனை மில்லிசெகண்ட் கழித்து வெடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவதுதான் என் வேலை. முதுகு போய் வேலையை விட்ட பிறகு பாயோடு சேர்ந்தேன். அவருக்கு நெருப்பு தெரியும், எனக்கு வரைபடம் தெரியும். ரெண்டு வருஷமாக வண்டி ஓடுகிறது.

இந்த வேலை உடையார்பாளையத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில். ஊர்ப் பெயரைச் சொன்னால் விழாக் கமிட்டித் தலைவர் குருநாதன் சண்டைக்கு வருவார், அதனால் வேண்டாம். போன வருஷம் சித்திரைத் திருவிழாவில் வேறு யாரோ வந்து கையால் கொளுத்திய வாணம், ஏரிக்கு மேற்கே இருக்கும் கலியம்மாள் அக்காவின் முந்திரித் தோப்பில் விழுந்துவிட்டது. சித்திரை என்றால் முந்திரி பழுத்துத் தொங்கும் நேரம், கீழே முழங்கால் உயரத்துக்குச் சருகு. முப்பத்தெட்டு மரம் கருகியது. இந்த வருஷம் வாணமே கூடாது என்று அக்கா மனுக் கொடுத்தார். தாலுகா ஆபீசில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தோப்பில் நெருப்பு விழாது என்று நாங்கள் படம் போட்டுக் காட்ட வேண்டும். அக்காவுக்குத் திருப்தி என்றால் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் மேளத்தோடு சரி.

அதனால் இந்த முறை நான் எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. மென்பொருளில் வரும் வெடிகள் எல்லாம் வெளிநாட்டு வெடிகள். அது கிளம்பி விரிய மூன்றரை நொடி ஆகும் என்று போட்டிருக்கிறான். நம் சிவகாசி வெடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பாறைக்காட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, ரகத்துக்கு மூன்று வெடி விட்டு, செல்போனில் படம் பிடித்து, ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். நாலு அங்குல வெடிக்கு ரெண்டே முக்கால் நொடி. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், நெருப்பு எத்தனை நொடி அணையாமல் இறங்குகிறது என்று எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு யாரும் என்னை வெறும் பயல் என்று நினைக்கக் கூடாது.

கடைசியாகக் காற்று. பதினைந்து நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஏரியின் மேற்குக் கரையில் நின்றேன். ஊதுபத்தி கொளுத்தி, புகை போகும் பக்கத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன். பதினைந்து நாளும் ஒரே பக்கம்தான், மேற்கே. மென்பொருளில் காற்றுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் திசையை டிகிரியில் போட வேண்டும். மேற்குக்கு இருநூற்று எழுபது. போட்டேன்.

அந்த மென்பொருளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, நெருப்பு எங்கே விழும் என்று காட்டுகிற படம். வானத்திலிருந்து ஏரியைப் பார்ப்பதுபோல இருக்கும். எரிந்துகொண்டே விழும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. பொத்தானை அழுத்தினேன். மேற்குக் கரையிலிருந்து கிளம்பிய இருநூறு வெடியின் புள்ளிகளும் ஏரித் தண்ணீருக்குள் போய் விழுந்தன. தோப்புப் பக்கம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

படத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். வாசலில் தார்ப்பாய் விரித்து முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, மகனையும் மருமகளையும் வைத்துக்கொண்டு தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். கையில் கொட்டைப்பால் பட்டுப் பட்டுத் தோல் கறுத்திருந்தது.

"இதுல என் தோப்பு எது தம்பி?"

காட்டினேன்.

"செவப்பெல்லாம் நெருப்பா?"

"ஆமாக்கா. எல்லாம் தண்ணியிலதான் விழுது. பாருங்க."

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு மரம் வச்சு அது காய்க்க நாலு வருஷம் ஆவும் தம்பி. எரியிறதுக்கு நாலு நிமிஷம் ஆவல" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது அன்சார், "கலை, அந்த அக்கா உன் படத்தைப் பாக்கல, உன் மூஞ்சியத்தான் பாத்துச்சு" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று சாயங்காலம் நாலரை மணி. ஏழரைக்கு வாணம். மேற்குக் கரையில் வெடிக்குழாய்கள் பொருத்திய சட்டங்களை வரிசையாக நிறுத்தி முடித்திருந்தோம். வெடிகள் இன்னும் பெட்டியில்தான் இருந்தன. நான் எங்கள் குட்டி லாரிக்குப் பின்னால் நிழலில் லேப்டாப்பை வைத்து, எல்லாம் சரியா என்று கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் வெடிப்புகை கிழக்கே, தண்ணீர் மேல் மிதந்து போனது. அதே நேரத்தில் கோயில்காரர்கள் எங்கள் பக்கத்திலேயே அம்மன் புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு ஒன்று போட்டார்கள். தலையைத் தூக்கினேன். அந்தப் புகை மேற்கே, தோப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கு மட்டும் காற்று மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். மேற்கே, மேற்கே, மேற்கே. பதினைந்து நாளும் அதே. காற்று மாறவே இல்லை. அப்போதுதான் திரையில் இருந்த காற்றுக் கட்டத்தைப் பார்த்தேன்.

சுரங்கத்தில் வெடி வைத்ததும் காற்றை எழுதி வைப்போம். எதற்கு என்றால், தூசு எந்த ஊர்ப் பக்கம் போகிறதோ அந்த ஊரிலிருந்துதான் போன் வரும். காற்று எங்கிருந்து வந்தால் எங்களுக்கு என்ன. தூசு போகிற பக்கத்தை எழுதினால் திட்டு வாங்கத் தயாராக இருக்கலாம். பதினாறு வருஷம் அப்படி எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. மென்பொருள் செய்தவனுக்குச் சுரங்கம் தெரியாது. அவன் உலகத்தில் எல்லாரையும் போலக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறான். நான் புகை போகிற பக்கத்தைப் போட்டிருக்கிறேன். கடல் பக்கமிருந்து வரும் காற்றை மேற்கிலிருந்து வருவதாகச் சொல்லி, அதைப் படமாக்கி, ஒரு பெண்பிள்ளையிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

இருநூற்று எழுபதை அழித்துவிட்டுத் தொண்ணூறு என்று போட்டேன். இன்னொரு தரம் பொத்தானை அழுத்தினேன். புள்ளிகள் ஏரியை விட்டுவிட்டுத் தோப்புக்குள் போய் விழுந்தன. எண்ணினேன். அறுபத்தொன்று. சருகு பற்ற ஒன்று போதும்.

அன்சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். திரையைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "வெடியை இன்னும் குழாய்ல போடல. அதுவரைக்கும் நல்லது. கிழக்குக் கரைக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா?" என்று கேட்டார்.

கிழக்கே ஏரி பாதி வற்றிக் காய்ந்து கிடந்தது. அங்கே வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்த இடத்தை வைத்துப் படத்தை ஓட்டினேன். நெருப்பு முழுக்க நடுத் தண்ணீரில் விழுந்தது. தோப்பு முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தது.

குருநாதன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார். கேட்டதும் அவர் முகம் வேர்த்தது, ஆனால் வாய் வேறு சொன்னது. "இங்கயே வுடுங்க. தோப்பு ஓரமா ரெண்டு டேங்கர் தண்ணி நிறுத்திக்கலாம். இதைப் போயி வெளிய சொல்லிட்டு இருக்காதீங்க. அந்தம்மா காதுக்குப் போச்சுன்னா வேடிக்கையே கெடையாது. அது மட்டும் இல்ல, அம்மன் மேற்கப் பாத்துதான் நிக்கும். கெழக்கத் தூக்கிட்டுப் போனா அம்மனுக்கு முதுகுக்குப் பின்னாடி வெடிக்கிறதா? காலங்காலமா இல்லாத வழக்கம்."

டேங்கர் யோசனை எனக்கும் ஒரு நிமிஷம் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாது, தண்ணீர் இருக்கிறது, ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஆனால் அறுபத்தொன்றையும் நான் கண்ணால் பார்த்துவிட்டேன். "அக்காகிட்ட யாரு சொல்றது?" என்றார் அன்சார். அவர் கேட்டது என்னைத்தான். வண்டியை எடுத்தேன்.

அக்கா தெற்குக் கரையில், அம்மன் வந்து நிற்கப்போகும் பந்தலில் இருந்தார். அன்றைய மண்டகப்படி அவர்கள் குடும்பத்தினுடையது. அம்மன் அங்கே நின்று இவர்கள் வீட்டுப் பூசையை வாங்கிக்கொண்டு, பிறகு வாணம் பார்க்கும். அக்கா புதுப்புடவையில் தேங்காய்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். 

"அக்கா, அன்னைக்குக் காமிச்ச படம் தப்பு" என்றேன். "காத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். என் தப்புதான், வேற யாரு மேலயும் இல்ல. அங்கேருந்து வுட்டா நெருப்பு உங்க தோப்புலதான் விழும்."

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். எவ்வளவு விழும் என்று கேட்டார். அறுபத்தொன்று என்று சொன்னேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அன்னைக்குப் படத்துல என் பக்கம் ஒண்ணுகூட விழல. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அஞ்சாறு விழுதுன்னு காட்டியிருந்தாலும் மனசுக்கு நெசமாப் பட்டிருக்கும்" என்றார். "இப்ப என்ன செய்யப் போற?"

கிழக்குக் கரையைச் சொன்னேன். குருநாதன் சொன்னதையும், அம்மன் நிற்கிற திசையையும் மறைக்காமல் சொன்னேன். வேண்டாம் என்றால் வெடிகளைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறோம் என்றும் சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

அக்கா பூசாரியைக் கூப்பிட்டார். "டிராக்டரு கெழக்கப் பாத்து நின்னா அம்மனுக்கு ஏதாவது குத்தமா சாமி?" பூசாரி கொஞ்சம் யோசித்தார். ஊர்வலத்தில் அம்மன் நாலு திசையும் பார்த்துத்தானே வருகிறது, மண்டகப்படிக்காரர்கள் கேட்டால் திருப்பி நிறுத்துவதில் என்ன இருக்கிறது என்றார். அக்கா என்னிடம், "போயி வேலையைப் பாரு. குருநாதன் ஏதாவது சொன்னா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். குருநாதன் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போனால் வண்டிகளை நகர்த்தச் சொல்லி மைக்கில் அரை மணி நேரம் கத்தியவர் அவர்தான்.

மணி ஐந்தேகால். சட்டங்களை டிராக்டரில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். நான் லேப்டாப்போடு லாரியில் உட்கார்ந்தேன். மேற்குக் கரையில் குழாய்கள் கிழக்கே, தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. இப்போது மேற்கே சாய வேண்டும். ஒவ்வொரு சட்டத்துக்கும் கோணத்தைத் திருப்பி எழுத வேண்டும். இடமிருந்து வலமாக ஓடிய வரிசை வலமிருந்து இடமாக ஓடும். பெரிய வெடிகள் பன்னிரண்டையும் எதற்கு வம்பு என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு எண்ணையும் நான் உரக்கச் சொல்ல, அன்சார் டார்ச்சோடு குழாயண்டை நின்று, "ஆமா, ஏரிப் பக்கம்தான் சாயுது" என்று திருப்பிச் சொன்னார். முப்பத்தாறு சட்டத்துக்கும் அப்படித்தான். காற்றுக் கட்டத்துக்கு வந்ததும் பக்கத்தில் வந்து நின்று, "காத்து எங்கேருந்து வருது?" என்றார். கிழக்கேயிருந்து என்றேன். "எங்க போவுது?" மேற்கே என்றேன். "கட்டத்துல எது?" வருவது என்றேன். மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் கோபப்படாமல் சொன்னேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஏழு முப்பத்தெட்டுக்கு முதல் வெடி கிளம்பியது. அம்மன் கிழக்கே பார்த்து நின்றாள். ஜனம் ஓ என்றது. பதினோரு நிமிஷ வேடிக்கையில் நான் வானத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மேல் விழுந்து அணைகிற நெருப்பைப் பார்த்தேன், அதற்கும் மேற்கே இருட்டாகக் கிடந்த தோப்பைப் பார்த்தேன். அந்த இருட்டில் சின்னதாக ஒரு சிவப்பு தெரிந்துவிடக் கூடாது என்று, எந்தச் சாமியையும் அவ்வளவாகக் கும்பிடாத நான் இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டேன். கடைசி வரிசை தங்கமழையாகக் கொட்டி, காற்றில் மேற்கே நகர்ந்து, ஏரி நடுவில் அணைந்தது. அன்சார் வெடியைக் கிளப்பும் மின்கருவியின் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சுது கலை" என்றார்.

எனக்கு முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றித் தோப்புக்கு ஓடினேன். காகிதம் ஒன்று கனன்றுகொண்டு கிடந்தாலும் காலால் மிதித்துவிடலாம் என்று. முதல் மரத்தின் கீழே கால் வைத்ததும் சதக் என்றது. ஈரம். டார்ச்சை அடித்தேன். சருகே இல்லை. மரத்துக்கு மரம் பெருக்கி, அள்ளி, தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். கரைப் பக்கமாக ஒரு நீளத் தண்ணீர்க் குழாய் கிடந்தது, அதன் முனையில் ஆயில் இன்ஜின். பக்கத்தில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடம் தண்ணீர்.

பின்னாலேயே அக்கா வந்தார், கையில் பிரசாதப் பையோடு.

"என்னக்கா இது?"

"நீ கையெழுத்து வாங்கிட்டுப் போன மறுநாள்லேருந்து அள்ளிக்கிட்டு இருந்தோம். சும்மா இருக்க முடியுமா?"

எனக்கு ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது, ஒரு பக்கம் சுருக்கென்றும் இருந்தது. "அப்ப என்னை நம்பவே இல்லையாக்கா" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டப்ப நம்பல" என்றார். "மவனும் மருமவளும் இன்னைக்கு இங்கதான் காவலுக்கு உக்காந்திருந்தாங்க. வெடி முடியிற வரைக்கும் இன்ஜினை வுட்டு அசையக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

"எங்க அவங்க?"

"நீ பந்தலுக்கு வந்து தப்புன்னு சொல்லிட்டுப் போன பாரு, ஒடனே போன் போட்டு வரச் சொல்லிட்டேன். வேடிக்கை பாத்து ரெண்டு வருஷமாச்சு, அம்மன்கிட்ட வந்து நின்னு பாருங்கன்னேன்."

அப்படியானால் பதினோரு நிமிஷமும் தோப்பில் ஒரு ஆள் இல்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்தக் கிழக்கு, மேற்கு, கோணம், காற்று எல்லாவற்றுக்கும் என்னை மட்டும் நம்பி விட்டிருக்கிறார்.  அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டார்ச்சை அணைத்தேன், முகம் தெரிய வேண்டாம் என்று.

"என்ன தம்பி, அழுவுறியா?"

"இல்லக்கா."

அவர் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, நான் முடிக்கிற வரை ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.